திணையும் தீவும்: செங்கழுநீர்ப்பட்டும் மாமல்லைக் கடற்கரையும் கற்பிக்கும் நிலப்பாடம்

பள்ளிப் புவியியலில் பசிபிக் பெருங்கடல் தீவுகளைப் பற்றிய பாடத்திற்குத் தனி இடம் உண்டு. அத்தீவுகளை உயர்ந்தவை, தாழ்ந்தவை என இருவகையாகப் பகுத்துக் காட்டுவது அப்பாடத்தின் தொடக்கம். உயர்ந்த தீவுகள் எரிமலையால் எழுந்தவை. அங்கே மலை உண்டு. மலையால் மழை உண்டு. மழையால் ஆறும், ஆற்றால் கழனியும், கழனியால் குடிப்பெருக்கமும் உண்டு. தாழ்ந்த தீவுகள் பவள உயிரிகளின் கூடுகளால் அமைந்தவை. கடல்மட்டத்திற்குச் சில அடிகளே உயர்ந்து நிற்கும் அவற்றில் ஆறில்லை; ஆழ்ந்த மண்ணில்லை. தென்னையும் தாழையும் மீனுமே அங்கு வாழ்வின் முதல்கள். இயற்கைச் சூழல் ஒரு சமுதாயத்தை எங்ஙனம் உருவாக்குகிறது என்பதற்கு இதனினும் எளிய சான்று கிடைத்தல் அரிது எனக் கருதியே பாடநூலோர் அத்தீவுகளைத் தேர்ந்துகொண்டனர் போலும்.

செங்கற்பட்டிலோ மாமல்லபுரத்திலோ அமர்ந்து அப்பாடத்தைக் கற்கும் மாணவன், உலகப் படத்தின் நீலப் பரப்பில் கடுகளவு தெரியும் புள்ளிகளைத் தேடிப் பெயர் குறிக்கிறான். பள்ளியின் சாளரத்திற்கு வெளியே அதே பாடம் குன்றும் ஏரியும் கழியும் கடலுமாக விரிந்து கிடக்கிறது. அதனைப் பாடம் என்று அவனுக்குச் சொல்வார் இல்லை. இந்நிலத்தைப் பாடமாகப் படித்தால், பசிபிக் தீவுகள் கற்பிக்கும் உண்மை இங்கும் கிடைக்கும். அப்பாடம் சொல்லாமல் விடும் உண்மையும் கிடைக்கும்.

முதலும் கருவும் உரியும்

நிலம் மாந்தரை ஆக்குகிறதா, மாந்தர் நிலத்தை ஆக்குகின்றனரா என்னும் வினா மேலைநாட்டுப் புவியியலார் நெடிது வாதிட்ட ஒன்றாகும். செருமானிய அறிஞர் பிரெட்ரிக் ராட்சலின் வழிவந்தோர் சிலர், தட்பவெப்பமும் நிலமுமே மக்களின் இயல்பை வரையறுக்கின்றன என்று சாதித்தனர். பிரெஞ்சு அறிஞர் விதால் த லா பிளாஷ் அதனை மறுத்து, இயற்கை பல வழிகளைத் திறந்து வைக்கிறது, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வோர் மாந்தரே என்றார். முன்னைய கொள்கை, வெப்ப நாட்டு மக்கள் சோம்பரென்றும் ஆளப்படுதற்கே உரியரென்றும் கூறிய பேரரசுகளுக்குத் துணையாயிற்று என்பதை மறத்தற்கில்லை.

தமிழ் மரபு இவ்வினாவைக் கவிதை இலக்கணத்தின் வாயிலாக அணுகியது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர் நெஞ்சத்து ஒழுக்கம் உரிப்பொருள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட இவ்வைப்பில் நிலமே அடித்தளம். அதுகொண்டு தொல்காப்பியரைச் சூழலே விதி என்போரின் அணியில் சேர்த்துவிடல் பிழையாகும். திணைகள் ஒன்றோடொன்று மயங்கி வருவதை அவர் விலக்கவில்லை. கடற்கரையில் இரங்குதல் சிறப்புடையது என்பது மரபு. கடற்கரையில் கூடுதலும் ஊடுதலும் நிகழா என்பது மரபன்று. நிலம் ஓர் ஒழுக்கத்திற்கு இசைவான களம் அமைத்துத் தருகிறது; ஒழுக்கமோ மாந்தருடையது. கவிஞர்கள் பன்னூறு ஆண்டுகளாகக் கையாண்டு வரும் இந்நுட்பம், புவியியல் வகுப்பறைக்கும் பயன்படத்தக்கது.

ஊர்ப்பெயரில் உறையும் நிலம்

செங்கற்பட்டு என்பது செங்கழுநீர்ப்பட்டு என்பதன் மரூஉ என்பர். செங்கழுநீர் மருதத்தின் பூ. ஊரை ஒட்டிக் கொளவாய் ஏரி பரந்து கிடக்கிறது. கருப்பொருள் ஒன்றே ஊரின் பெயராக, அப்பெயரே பின்னர் மாவட்டம் முழுமைக்கும் பெயராயிற்று. 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி கிழக்கிந்தியக் கும்பினிக்கு அளித்த சாகீர் நிலமே பிற்காலச் செங்கற்பட்டு மாவட்டத்திற்கு அடிப்படை. 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிக்கப்பட்டபோது மாவட்டப் பட்டியலிலிருந்து மறைந்த அப்பெயர், 2019இல் அமைந்த புதிய மாவட்டத்தால் மீண்டது.

தொண்டை மண்டலத்தின் பழைய பிரிவுகளாகிய கோட்டங்களின் பெயர்களும் நிலத்தையே பேசுகின்றன. செங்காடு, ஈக்காடு, ஊற்றுக்காடு, களத்தூர், வெண்குன்றம், பல்குன்றம், புலியூர் என அவற்றை அடுக்கிச் சொன்னால், காடு திருத்தி நாடாக்கிய ஒரு நீண்ட வரலாறு செவியில் விழும். செம்மண் காடும், ஊற்றுள்ள காடும், குன்றும், புலி திரிந்த இடமும் அரசின் ஆட்சிப் பிரிவுகளாக மாறிய கதை அது. மாமல்லபுரம் ஆமூர்க் கோட்டத்தைச் சார்ந்தது.

பசிபிக்கின் ஹவாய்த் தீவுகளில் அஹுபுஆஆ எனப்படும் நிலப்பிரிவு ஒன்று இருந்தது. மலையுச்சியில் தொடங்கி, ஓடையின் வழியே இறங்கிக் கடலின் ஆழமற்ற பகுதி வரையில் செல்லும் ஆப்பு வடிவான நிலத்துண்டு ஓர் அலகாகக் கொள்ளப்பட்டது. மேலே மரம், நடுவே சேம்புக் கழனி, கீழே மீன் என அவ்வலகிலுள்ளோர் தமக்குள் மாற்றிக்கொண்டனர். தொண்டை நாட்டு எல்லைகள் அவ்வாறு வகுக்கப்படவில்லை. ஆயினும் மலைமுதல் கடல்வரையுள்ள நிலங்களை ஒரே பயணத்தில் கோத்துக் காட்டும் நூல்கள் தமிழில் உள.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடுவது. பரிசில் பெற்ற பாணன், வறிய பாணனை ஊர் ஊராக வழிப்படுத்துகிறான். நெய்தலில் எயிற்பட்டினம், முல்லையில் வேலூர், மருதத்தில் ஆமூர் என ஊரும் நிலமும் மாறுகின்றன. நிலம் மாறுந்தோறும் விருந்தின் இலையும் மாறுகிறது. கடற்கரையில் உலர்ந்த குழல்மீனின் சூடு; முல்லையில் ஆமான் இறைச்சியோடு சோறு; மருதத்தில் நண்டுக் கறியோடு வெண்சோறு. உணவைக் கொண்டு நிலத்தை அறியும் இம்முறை இற்றைப் புவியியல் ஆசிரியரும் மெச்சத்தக்கது. இதனைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நாடு இடைக்கழிநாடு. செய்யூர் வட்டத்தில் அப்பெயரோடே இன்றும் ஒரு பேரூராட்சி இருக்கிறது. கிழக்கே கடலும் மேற்கே உவர்க்கழியும் நெருக்க, இடையே நீண்டு கிடக்கும் அம்மணல் நிலம் ஏறத்தாழ ஒரு தீவு. தீவொத்த நிலத்தின் பெயரைத் தம் பெயரோடு சுமந்த புலவர் ஒருவர் நம்மிடையே இருந்தார் என்பது செங்கற்பட்டுக் கவிஞர்கள் பெருமையோடு நினைத்தற்குரியது.

பெரும்பாணாற்றுப்படையும் இந்நிலத்துக்கு உரியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். திரை கொணர்ந்தவன் என்னும் கதை அவன் பெயரோடு ஒட்டியிருக்கிறது. உப்பு வணிகராகிய உமணர், எயினர், ஆயர், உழவர், வலைஞர் எனப் பலர் வாழ்விடங்களைக் கடந்தே பாணன் காஞ்சிக்குச் செல்கிறான். வழியில் கலங்களை அழைக்கும் விளக்கோடு நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் வருகிறது. அது மாமல்லபுரமே எனக் கருதுவோரும் உளர்.

அலையும் மரமும்

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரை நேர்கோடு போன்றது. கப்பல் ஒதுங்கத்தக்க வளைவு இங்கில்லை. அலைகள் தடையின்றி வந்து கரையருகே உடைகின்றன. அடிப்புறம் குழிந்த மரக்கலம் அவ்வலையில் நீர்புகுந்து கவிழும். அன்றேல் மணலில் மோதிப் பிளக்கும். இந்நிலைக்குக் கடலோர மக்கள் கண்ட விடைகள் இரண்டு. கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம் ஒன்று. குழிவே இல்லாததால் அதில் தேங்க நீருக்கு இடமில்லை. அலை மேலேறி இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்துக் கட்டை கட்டையாகத் தோளில் தூக்கிச் செல்லலாம். மற்றொன்று மசூலாப் படகு. ஆணியின்றிப் பலகைகளைத் தென்னை நாரால் தைத்து அமைத்தமையால், அலை அடிக்கும்போது அது நெளிந்து கொடுக்கும். ஐரோப்பியர் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பண்டங்களையும் பயணிகளையும் கரை சேர்த்தவை இத்தையற்படகுகளே.

பசிபிக்கின் தாழ்ந்த தீவுகளில் பெருமரங்கள் அரியவை. மார்ஷல் தீவினரும் கிரிபாத்தித் தீவினரும் சிறுசிறு பலகைகளைத் தென்னை நாரால் தைத்தே தம் தோணிகளை அமைத்தனர். இங்கு அலையின் வன்மை, அங்கு மரத்தின் இன்மை. காரணம் வேறாயினும் நாரும் தையலும் ஒன்றே. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல், 1920இல் வெளியிட்ட ஆய்வில் தென்னிந்தியத் தோணி வகை சிலவற்றில் பாலினேசியத் தொடர்பு உண்டெனக் கருதினார். அத்தொடர்பை எல்லாரும் ஒப்புவதில்லை. ஒத்த இன்னல் ஒத்த விடையை ஈன்றது என்பாரும் உண்டு.

சொல்லோ ஐயத்திற்கு இடமின்றிக் கடல் கடந்தது. ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறித்துள்ளார். பின்னர் அச்சொல் ஐரோப்பிய மொழிகளில் பரவி, இரட்டை உடல் கொண்ட மரக்கலங்களுக்குப் பெயராயிற்று. பாலினேசியர் பெருங்கடலைக் கடந்து தீவு தீவாகக் குடியேறிய இரட்டைத் தோணிகளை இன்று உலகம் அழைப்பது தமிழ்ச் சொல்லால். பொருள் அவர்களுடையது, பெயர் நம்முடையது.

கடலறிவிலும் இவ்வொப்புமை தொடர்கிறது. மார்ஷல் தீவினர் குச்சிகளைப் பின்னி அலைகளின் போக்கையும் தீவுகளின் இருப்பையும் குறிக்கும் படம் செய்தனர். 1976இல் ஹோக்குலேயா என்னும் இரட்டைத் தோணி, கருவி ஏதுமின்றி ஹவாயிலிருந்து தாகித்தி சென்றடைந்தது. விண்மீனையும் அலையையும் கொண்டு அதற்கு வழிகாட்டியவர் மைக்ரோனேசியரான மாவ் பியாயிலுக். மாமல்லைக் கரையின் மீனவரும் வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றைப் பெயரிட்டு அறிந்தவர். நீரோட்டத்தின் திசையைக் கொண்டு மீன்வரவைக் கணித்தவர். கரையிலுள்ள குன்றையும் கோபுரத்தையும் ஒருங்கே நோக்கிக் கடலில் தம் இடத்தைக் கண்டவர். அயல்நாட்டு மாலுமிகள் இவ்வூரை ஏழு கோயில்கள் என்றே தம் மொழியில் அழைத்தனர். குன்றின் மேலுள்ள ஒலக்கணேசுவரர் கோயில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. கலைவரலாற்றார் கண்ணில் சிற்பமாகத் தோன்றுவது கடலோடியின் கண்ணில் திசைக்குறியாகும்.

மணலில் ஊறும் நன்னீர்

கடலுக்கு ஒரு கூப்பிடு தொலைவிலுள்ள மணல்மேட்டில் சில முழம் தோண்டினால் குடிக்கத்தக்க நீர் ஊறும். இக்கரையின் குப்பங்கள் அவ்வூற்றுகளையே நம்பி வாழ்ந்தன. கடலூர் அருகேயுள்ள பரமன்கேணி தன் பெயரிலேயே கேணியைக் கொண்டுள்ளது. உப்புக்கடலின் அருகே இன்னீர் கிடைப்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. மணலில் இறங்கும் மழைநீர், தன்னினும் கனமான உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. கடல்மட்டத்திற்கு மேலே ஒரு முழம் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 முழம் நன்னீர் தங்கும் என்பது, கைபன், ஹெர்ஸ்பர்க் என்னும் இருவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட விதி. மேலே ஒரு முழம் குறைந்தால் கீழே 40 முழம் குறையும் என்பதும் அதே விதியே.

பவளத் தீவுகள் உயிர் வாழ்வதும் இவ்வில்லையாலேயே. துவாலுவிலும் கிரிபாத்தியிலும் மக்கள் இந்நன்னீரை எட்டும் அளவுக்குப் பள்ளம் அகழ்ந்து, இலைகளை மட்கவிட்டு, சதுப்புச் சேம்பைப் பயிரிட்டனர். ஆறில்லா நிலத்தில் கழனியை மேலே தேடாமல் கீழே தேடிய அறிவு அது. ஒரு குழியைத் தோண்டவும் காக்கவும் தலைமுறைகள் வேண்டியிருந்தமையின், குழிகள் குடும்பச் சொத்தாக வழிவழி வந்தன. நன்னீர் எங்குளதோ அங்கே உரிமையும் உறவும் வேர்கொள்ளும்.

மணல்மேடு என்பது வெற்றுமேடன்று; அது நன்னீரின் கொள்கலம் என்பதை இடைக்கழிநாட்டாரும் துவாலு மக்களும் ஒருங்கே அறிந்திருந்தனர். இன்று மாமல்லைச் சாலையில் நெம்மேலி என்னுமிடத்தில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகள் இயங்குகின்றன. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆக்கும் ஆலை 2013இலும், 15 கோடி லிட்டர் ஆக்கும் ஆலை 2024இலும் திறக்கப்பட்டன. சென்னையின் விடாயைத் தணிக்க அவை வேண்டப்படுவன ஆகலாம். ஆயினும் விலையின்றி நன்னீர் தேக்கிய மணல்மேடுகள் அதே கரையில் மட்டமாக்கப்பட்டு மனைகளாகவும் உல்லாச விடுதிகளாகவும் மாறியபின், கடலைக் காய்ச்சாத குறையாகப் பிழிந்து குடிக்கும் நிலை வந்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஏரியும் எழுத்தும்

கடற்கரையை விட்டு மேற்கே நகர்ந்தால் வேறொரு சூழல். பாலாறு இந்நாட்டின் பேராறு. எனினும் ஆண்டின் பெரும்பகுதி அது மணலாறு. நீர் மணலுக்குக் கீழே ஓடும். ஊற்றுக்கால் வெட்டி அதனை வெளிக்கொணர்வர். வானமும் நாள்தோறும் பொழிவதன்று. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் ஒருசேரக் கொட்டித் தீர்கிறது. சில கிழமைகளில் வருவதை ஆண்டு முழுமைக்கும் காத்தல் வேண்டும். அதற்கெனப் பிறந்தது ஏரி. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சரிவதால், ஓர் ஏரியின் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். சங்கிலியாகக் கோக்கப்பட்ட ஏரிகளில் மேலூரார் மதகை மறந்தால் கீழூரார் வயல் காயும். மேலேரிக் கரை உடைந்தால் கீழேரிக் கரையும் உடையும்.

பல்லவர் இதனை அரசின் கடமையாகக் கொண்டனர். முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடுகள் பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், அதற்குப் பாலாற்றிலிருந்து நீர்கொணர்ந்த பெரும்பிடுகு என்னும் காலையும் குறிப்பிடுகின்றன. மாமல்லையின் பெரும்பாறைச் சிற்பத்தை நோக்கும்போது இது நினைவுக்கு வரும். பாறையின் நடுப்பிளவில் நாகர் நீந்த, இருபுறமும் தேவரும் முனிவரும் விலங்கும் அப்பிளவை நோக்கி விரைகின்றனர். கங்கையின் வரவு என்பாரும் அருச்சுனன் தவம் என்பாரும் வாதிடட்டும். மேலே தொட்டியில் நீர் தேக்கிப் பிளவின் வழியே வழியவிட்டனர் என ஆய்வாளர் கருதுவர். வற்றாத ஆறில்லாத நாட்டின் சிற்பி, பாறையிலே ஓர் ஆற்றை இறக்கினான். அவ்வளவு வேட்கை நீரின்மேல் இந்நாட்டுக்கு இருந்தது.

ஏரி வெட்டினால் முடிவதன்று. ஆண்டுதோறும் தூர் எடுத்தல், கரை உயர்த்தல், மதகு காத்தல், நீர் பகிர்தல் ஆகியவற்றுக்குக் கூட்டு முடிவு வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் இடம்பெறுவது இதனாலேயே. குடவோலையைப் புகழ்வோர், அக்குடத்திற்குப் பின்னே ஓர் ஏரி இருந்ததை மறந்துவிடுகின்றனர். சூழல் ஒரு தேவையை எழுப்பியது. சமுதாயம் ஓர் அமைப்பால் விடை தந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாவட்டத் தலைவராயிருந்த லயனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரிக்கரை உடையுமோ என அஞ்சிய இரவில், வில்லேந்திய இருவர் கரைமேல் காவல் நிற்கக் கண்டார் என்பது மக்கள் வழங்கும் கதை. அவ்வூர்த் திருமாலுக்கு ஏரிகாத்த இராமர் என்பதே பெயர். தெய்வத்துக்கும் நீர்க்காவல் தொழிலை ஒப்படைத்த நாடு இது.

இயற்கை விதிக்காதது

இதுவரை கூறியவற்றோடு நிறுத்தினால் பாடம் இனிதே முடியும். அலை கட்டுமரத்தைத் தந்தது, மணல் கேணியைத் தந்தது, பருவமழை ஏரியையும் ஏரி ஊராட்சியையும் தந்தன என்னும் முடிவு கேட்போர் நெஞ்சுக்கு உவப்பானது. அவ்வுவப்பில் மறைந்துபோவது ஒன்றுண்டு.

ஏரிநீர் சரிவு நோக்கிப் பாய்வது இயற்கை. அந்நீர் பாயும் கழனி யாருடையது என்பது இயற்கையன்று. 1891இல் செங்கற்பட்டு மாவட்டத் தலைவராயிருந்த டிரெமன்கீர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையை விரிவான அறிக்கையாக எழுதினார். கரை உயர்த்தியும் சேறு மிதித்தும் நாற்று நட்டும் கழனியை வாழச் செய்தோர் கையளவு நிலமும் இன்றிப் பண்ணையாட்களாய்க் கட்டுண்டு கிடந்ததை அவ்வறிக்கை எடுத்துரைத்தது. குடியிருக்கும் மனையும் அவர்க்கு உரிமையாக இல்லை. அதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணையே ஒடுக்கப்பட்டோர்க்குப் பஞ்சமி நிலம் வழங்க அடிகோலிற்று. அவ்வாறு வழங்கப்பட்ட நிலங்களும் பிற்காலத்தில் பல இடங்களில் பிறர் கைக்குச் சென்றன. 1994இல் காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்கச் செங்கற்பட்டில் எழுந்த போராட்டத்தில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியாயினர். மழையளவும் மண்வகையும் கொண்டு இதனை விளக்க இயலாது.

பசிபிக்கிலும் இதற்கு நிகரான நிகழ்வு உண்டு. பெருங்கல் உருவங்களால் புகழ்பெற்ற ராப்பா நூயி என்னும் ஈஸ்டர் தீவைப் பற்றி, மரங்களையெல்லாம் வெட்டியழித்துத் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்ட மக்கள் என்னும் கதை பெருவழக்காயிற்று. காடு அழிந்தது மெய். ஆயின் 1862, 1863ஆம் ஆண்டுகளில் பெருநாட்டிலிருந்து வந்த அடிமை வணிகர் அத்தீவினரை ஆயிரக்கணக்கில் கவர்ந்து சென்றனர். மீண்ட சிலரோடு அம்மை நோயும் வந்தது. 1877இல் தீவில் எஞ்சியோர் 111 பேரே. மரத்தின் மேல் ஏற்றப்பட்ட பழியில் ஒரு பங்கு துப்பாக்கியின் மேலும் கப்பலின் மேலும் ஏறவேண்டியதாகும். சூழலை மட்டும் காரணமாகச் சொல்லும் வரலாறு, குற்றவாளியை மறைக்கும் திரையாகவும் பயன்படும். முதற்பொருளையும் கருப்பொருளையும் உரைத்துவிட்டு உரிப்பொருளை விட்டுவிடும் பாட்டுப் போல அது குறைபாடுடையது.

கடல் வந்த நாள்

2004 திசம்பர் 26 காலையில் மாமல்லைக் கடல் உள்வாங்கியது. கரைமுன் பாறைகளும் கட்டட அமைப்புப் போன்றனவும் சிறிது பொழுது வெளிப்பட்டதைக் கண்டோர் உரைத்தனர். பின்னர் நீர் சுவராக எழுந்து வந்தது. குப்பங்களில் உயிரும் வீடும் வலையும் மரமும் சென்றன. அலை மணலை அரித்துச் சென்றபின் சாளுவன்குப்பத்தருகே பாறையில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் கல்வெட்டு புலப்பட்டது. அதன் வழியே 2005இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, பல்லவர் காலக் கட்டடத்திற்கு அடியில் அதனினும் பழைய செங்கற் கோயில் ஒன்று வெளிப்பட்டது. அது முருகன் கோயில். பழங்காலத்திலும் பேரலை தாக்கியமைக்கு அங்கு அடையாளங்கள் உள்ளன என அகழ்ந்தோர் கருதினர். 1788இல் அச்சேறிய வில்லியம் சேம்பர்சு என்பாரின் கட்டுரை, இவ்வூரின் பெருநகரைக் கடல் கொண்டது என்று மக்கள் சொன்ன கதையைப் பதிந்திருந்தது. நெடுநாள் கட்டுக்கதை எனத் தள்ளப்பட்ட நாட்டார் நினைவைத் திரும்பவும் எண்ணிப் பார்க்கச் செய்தது அந்த அலை.

அலைக்குப் பின் உதவியாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். கட்டுமரம் ஏறத்தாழ மறைந்தது. அத்துடன் கட்டை தேரும் அறிவும், கட்டும் கைத்திறனும், அவற்றுக்குரிய சொற்களும் முதியோரிடத்தே ஒதுங்கின. சொல்லைப் பசிபிக் வரை அனுப்பிய கரை, பொருளை இழந்து நிற்கிறது.

தீவுகளின் நிலை இதனினும் இடர் மிக்கது. கடல்மட்டம் உயர உயர நன்னீர் வில்லையில் உவர் ஏறுகிறது. சேம்புப் பள்ளங்கள் உப்பேறிப் பாழாகின்றன. கிரிபாத்தி அரசு 2014இல் பிஜித் தீவில் நிலம் வாங்கியது. துவாலு நாட்டவர் ஆண்டுதோறும் ஒரு தொகையினர் ஆசுதிரேலியாவில் குடியேற வழிசெய்யும் உடன்படிக்கை 2023இல் கையெழுத்தாகி 2024இல் நடைமுறைக்கு வந்தது. வளிமண்டலத்தை மாசாக்கியதில் அம்மக்களுக்குப் பங்கு மிகச் சிறிது. இங்கும் கடலை உயர்த்தியோர் வேறு. கடலால் பெயர்வோர் வேறு. மாமல்லைக் கரையின் குப்பங்களும் கடலரிப்பை அறிந்தவை. ஓரிடத்தில் கொட்டிய தடுப்புக் கற்கள் அடுத்த குப்பத்து மணலைக் கவர்வதை அங்குள்ளோர் நாள்தோறும் காண்கின்றனர். இதுவும் ஒரு மேலேரி, கீழேரி வழக்கே.

நிறைவாக

பசிபிக் தீவுப் பாடத்தைப் பள்ளியிலிருந்து அகற்ற வேண்டுவதில்லை. அதனைச் செங்கற்பட்டிலிருந்து தொடங்க வேண்டும். தம் ஊர் ஏரியின் பெயர் என்ன, அதன் வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, கலங்கல் நீர் எந்த ஊருக்குப் போகிறது, அதன் ஆயக்கட்டில் யாருக்கு நிலம் உண்டு, யாருக்கு இல்லை என்னும் நான்கு வினாக்களுக்கு விடை தேடிய மாணவனுக்கு, துவாலுவின் சேம்புக் குழியும் ஹவாயின் அஹுபுஆஆவும் அயலாகத் தோன்றா. நான்காம் வினாவைத் தவிர்க்காமல் கேட்டவனே பாடத்தை முழுமையாகக் கற்றவனாவான்.

கவிஞர்களுக்கும் இதில் கடன் உண்டு. நெய்தல் என்று எழுதுவோர் நெய்தற் பூவை ஒரு முறையேனும் கழியோரத்தில் கண்டிருத்தல் வேண்டும். காற்றின் பெயர்களையும், மதகு, தூம்பு, கலங்கல், தாங்கல், சித்தேரி முதலிய நீர்ச்சொற்களையும், கட்டுமரத்தின் உறுப்புகளுக்கு வழங்கிய பெயர்களையும் அறிந்த முதியோர் குப்பங்களிலும் ஏரிக்கரை ஊர்களிலும் இன்னும் இருக்கின்றனர். ஒரு பத்தாண்டை நிறைவு செய்து மலர் வெளியிடும் இலக்கிய வட்டம், அடுத்த பத்தாண்டில் அச்சொற்களை ஊர் ஊராகச் சென்று திரட்டுமாயின், அது நத்தத்தனாரின் ஆற்றுப்படைக்கு ஒப்பான வழிநடையாகும். பாணனுக்கு வழி சொன்ன புலவர், ஊரின் பெயரையும் அங்கு உண்ணக் கிடைப்பதையும் உடன் சொன்னார். வழியில் இருப்போரை அறிந்து சொன்னதால்தான் அவ்வழி இன்றும் நடக்கத்தக்கதாக இருக்கிறது.